ஸ்லோ குக்கரில் 8 மணி நேரம் இருந்தும் உருளைக்கிழங்கு வேகாதது ஏன்?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். இறைச்சித் துண்டுகளையும் உருளைக்கிழங்கையும் தக்காளிச் சாற்றில் போட்டு, ஸ்லோ குக்கரை ‘லோ’வில் வைத்து 8 மணி நேரம் விட்டிருக்கிறீர்கள். இறைச்சி கரண்டி பட்டவுடன் நூல் நூலாகப் பிரிந்திருக்கிறது. கிழங்கோ நறுக்கென்று கடிபட்டிருக்கிறது. அடுத்த முறை ‘ஹை’யில் 5 மணி நேரம் வைத்தபோது ஓரத்துத் துண்டுகள் குழைந்துபோக, நடுவில் கிடந்தவை அரைவேக்காடாகவே இருந்திருக்கின்றன. இன்னும் எத்தனை மணி நேரம் வைக்க வேண்டும், அல்லது குக்கரே பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். அடுப்பில் கொதிநீரில் போட்டால் கால் மணி நேரத்தில் வெந்துவிடும் ஒரு கிழங்கு, விடாப்பிடியான இறைச்சியே கரைந்துபோகும் பாத்திரத்தில் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதுதான் உங்களை உண்மையில் குடையும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரிந்தால் மணிக்கணக்கு தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

நான் உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். அதன்பின் பல ஆண்டுகள் பெருமளவில் சமைக்கும் கூடங்களில் வேலை செய்திருக்கிறேன். கிழங்கின் உள்ளே நடப்பதைப் பற்றி நான் கீழே சொல்பவை நன்கு நிறுவப்பட்டவை. உங்கள் பாத்திரத்தில் அவற்றுள் எது எவ்வளவு பங்கு வகித்தது என்பது என் ஊகம். பார்க்காத ஒரு குக்கரைப் பற்றி அதற்கு மேல் யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்த ஊகத்தை நீங்களே சோதித்துப் பார்க்க வழியுண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஸ்லோ குக்கரின் வெப்பக் கம்பி பெரும்பாலான மாடல்களில் பீங்கான் பாத்திரத்தின் பக்கச் சுவர்களைச் சுற்றி ஓடுகிறது. அடுப்பைப் போல அடியிலிருந்து கடுமையாகச் சூடேற்றுவதில்லை. ‘லோ’, ‘ஹை’ என்பவற்றை இரண்டு வெவ்வேறு வெப்பநிலைகள் என்று பலரும் நினைக்கிறார்கள். வழக்கமான வடிவமைப்பில் இரண்டும் இறுதியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. அங்கே போய்ச் சேர எடுத்துக்கொள்ளும் நேரத்தில்தான் பெரிய வேறுபாடு. ‘ஹை’ அந்த இடத்தை 3, 4 மணி நேரத்தில் எட்டினால் ‘லோ’வுக்கு 7, 8 மணி நேரம் ஆகும். ஆகவே 8 மணி நேரம் லோவில் வெந்தது என்று நாம் சொல்லும்போது, உண்மையில் அதில் பெரும்பகுதி சூடேறிக்கொண்டிருந்த நேரம். இறைச்சிக்கு அந்த நேரம் வீணாவதில்லை. கிழங்குக்கு வீணாவதோடு நிற்காமல் கெடுதலாகவும் முடிகிறது.

கடினமான இறைச்சித் துண்டை இறுக்கிப் பிடித்திருப்பது கொலாஜன் என்னும் இணைப்புத் திசுப் புரதம். அது 60, 70 டிகிரி செல்சியஸிலேயே ஈரத்தோடு சேர்ந்து மெல்ல ஜெலட்டினாகக் கரையத் தொடங்குகிறது. மணிக்கணக்கில் விட்டால் போதும். கொதிக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. உருளைக்கிழங்கின் கணக்கு வேறு. அதில் இரண்டு பொருள்கள் தனித்தனியே வேக வேண்டும். ஒன்று, செல்களுக்குள் இருக்கும் மாவுச்சத்து. அது ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரிக்குள் நீரை உறிஞ்சி ஊதிப் பசையாகிவிடும். மற்றொன்று, செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பெக்டின் என்னும் சாந்து. செங்கற்களுக்கு நடுவே பூசிய சுண்ணாம்பைப் போன்றது அது. அந்தச் சாந்து கவனிக்கத்தக்க வேகத்தில் இளகுவது 80 டிகிரிக்கு மேல்தான். கொதிநிலையை நெருங்க நெருங்க வேகம் கூடும். எனவே 75 டிகிரியில் பல மணி நேரம் கிடந்த கிழங்கில் மாவு முழுதாக வெந்திருந்தும் சாந்து இளகியிராது. அதைத்தான் நாம் வாயில் வைத்து ‘வேகவில்லை’ என்கிறோம். சுருங்கச் சொன்னால், இறைச்சி நேரத்தைக் கேட்கிறது, கிழங்கு சூட்டைக் கேட்கிறது. ஸ்லோ குக்கர் நேரத்தை வாரி வழங்கும் கருவி, சூட்டில் கஞ்சம். (இர்விங் நாக்ஸன் என்பவர் 1940-ல் காப்புரிமை பெற்று, முதலில் பீன்ஸ் வேகவைக்கும் கலமாக விற்ற கருவிதான், பின்னர் வேறு நிறுவனத்தின் கைக்குப் போய் 1971-ல் கிராக்-பாட் என்ற பெயரில் வீடுகளுக்குள் நுழைந்தது. கிழங்கை மனத்தில் வைத்து யாரும் அதை வடிவமைத்ததாகத் தெரியவில்லை.)

இதுவரை சொன்னது தாமதத்தை மட்டும் விளக்குகிறது. அடுத்ததுதான் இதில் விந்தையான பகுதி: மெதுவாகச் சூடேறும் கிழங்கு தன்னைத்தானே இறுக்கிக்கொள்கிறது. கிழங்கில் இயல்பாகவே பெக்டின் மெத்தில்எஸ்டரேஸ் என்றொரு நொதி இருக்கிறது. ஏறத்தாழ 50 முதல் 70 டிகிரி வரை அது சுறுசுறுப்பாக வேலை செய்து, பெக்டின் சங்கிலியைக் கால்சியம் பற்றிக்கொள்வதற்கு ஏற்றபடி மாற்றிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளைக் கால்சியம் கோத்துக் கட்டியதும் சாந்து காரை பிடித்ததுபோல் ஆகிவிடுகிறது. பிறகு கொதிக்கவைத்தாலும் எளிதில் இளகுவதில்லை. கொதிக்கும் தண்ணீரில் விழுந்த சிறு துண்டு இந்த எல்லையைச் சில நிமிடங்களில் தாண்டி விடுவதால் நொதி தன் வேலையைத் தொடங்குமுன்பே அழிந்துபோகிறது. நிறையப் பொருள் போட்ட ஸ்லோ குக்கர், அதுவும் லோவில், இதே எல்லையைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்வது சாதாரணம். நொதிக்கு அதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது. இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று: உலர்த்திய உருளைக்கிழங்குத் தூள் செய்யும் ஆலைகளில், கிழங்குத் துண்டுகளை 70 டிகிரி அளவில் சுமார் 20 நிமிடம் வைத்து, குளிரவிட்டு, அதன்பிறகே ஆவியில் வேகவைக்கிறார்கள். செல்கள் உடைந்து பசையாகாமல் இருக்க அவர்கள் வேண்டுமென்றே செய்வதை, உங்கள் குக்கர் உங்களைக் கேட்காமலே செய்திருக்கிறது.

இனி தக்காளி. பெக்டின் மிக உறுதியாக நிற்பது மிதமான அமிலத்தில், அதாவது பி.எச். 4 முதல் 4.5 வரையிலான இடத்தில். தக்காளியின் புளிப்பு பெரும்பாலும் அந்த அளவிலோ அதை ஒட்டியோதான் இருக்கிறது. வினிகர், எலுமிச்சைச் சாறு, ஒயின் எதுவானாலும் போதிய அளவு சேர்த்தால் இதே விளைவைத் தரும். டப்பாவில் வரும் நறுக்கிய தக்காளியில் இன்னொரு சிக்கலும் உண்டு: துண்டுகள் கரையாமல் இருக்கப் பல தயாரிப்பாளர்கள் கால்சியம் குளோரைடு சேர்க்கிறார்கள். அந்தக் கால்சியம் தக்காளியை இறுக்குவதோடு நிறுத்திக்கொள்ளாது. பக்கத்தில் கிடக்கும் கிழங்கையும் இறுக்கும். டப்பாவின் பொருள் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கால்சியம் மிகுந்த கடின நீரும் இதே திசையில், ஆனால் குறைவாகத் தள்ளும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் இது எதிர்த்திசையில் திரும்பும் என்பது உண்மைதான். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. துண்டின் மேற்புறம் மட்டும் கூழாகி, சோப்பு போன்ற ஒரு வாடை வந்து, வைட்டமின் சி-யும் அழிகிறது. உப்பைத் தொடக்கத்திலேயே போடுவது தீங்கற்ற உதவி. உப்பின் சோடியம் கால்சியத்தை ஓரளவு விலக்குகிறது, சுவையும் உள்ளே இறங்குகிறது.

உங்கள் முதல் முயற்சியில் மெல்லச் சூடேறியது, நொதி, தக்காளிப் புளிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்துகொண்டன என்று நினைக்கிறேன். எது முதன்மை என்று பிரித்துச் சொல்ல இங்கிருந்து இயலாது. இரண்டாவது முயற்சியின் கதை சற்று வேறு. சுவரில் கம்பி இருப்பதால் சுவரை ஒட்டிய துண்டுகள் முதலில் சூடாகின்றன. தண்ணீர் போன்ற சாறாக இருந்தால் அது சுழன்று சூட்டை நடுவுக்குக் கொண்டுபோகும்; கெட்டியான தக்காளிச் சாறு சுழலாது, சூடு துண்டு துண்டாக உள்நோக்கி ஊர்ந்து போக வேண்டும். நடுவில் குளிர்ந்த இறைச்சி மலைபோல் கிடந்து அதன்மேல் கிழங்கு அமர்ந்திருந்தால், அந்தத் துண்டுகள் கடைசி மணி நேரம் வரை 70 டிகிரியைச் சுற்றியே நின்றிருக்கும். நடுநடுவே மூடியைத் திறந்து பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. திறந்திருந்தால் ஒவ்வொரு முறையும் இழந்த சூட்டை மீட்க 15 முதல் 30 நிமிடம் ஆகியிருக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது, கிழங்கை அந்த 50–70 டிகிரி இடுக்கில் தங்கவிடாமல் தாண்டச் செய்வதும், அது இளகி முடியும்வரை புளிப்பைத் தள்ளி வைப்பதும்தான். நான் செய்யும் முறை இது. கிழங்கை இரண்டரை சென்டிமீட்டர் அளவில் எல்லாம் ஒரே மாதிரி இருக்குமாறு நறுக்கி, உப்புப் போட்ட கொதிநீரில் 5 நிமிடம் வேகவிட்டு வடித்து, அந்தச் சூடு ஆறுமுன்பே குக்கரின் அடியிலும் சுவரோரத்திலும் பரப்பி, அதன்மேல் இறைச்சியை வைத்து, கொதிக்கக் கொதிக்க இருக்கும் நீரையோ எலும்புச் சாற்றையோ கிழங்கு மூழ்கும்வரை ஊற்றி, முதல் ஒரு மணி நேரமாவது ஹையில் வைக்கிறேன். அந்த 5 நிமிடக் கொதி துண்டை வேகவைப்பதற்காக அன்று. மையம்வரை சூடேற்றி நொதியை அழிப்பதற்காக. நேரமில்லாதவர்கள் மைக்ரோவேவில் சிறிது தண்ணீர் தெளித்து மூடி, துண்டுகள் நடுவரை ஆவி பறக்கும்படி சூடாக்கிப் போட்டாலும் பலன் கிடைக்கும். கிழங்கில் கத்தி தடையின்றி இறங்கிய பிறகு தக்காளியைச் சேர்த்து இன்னும் முக்கால் மணி நேரம் விடுங்கள். பச்சைத் தக்காளி வாடை போக அதைத் தனியாக வதக்கிச் சேர்ப்பது நல்லது. பாத்திரத்தைப் பாதிக்குக் குறையாமலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாமலும் நிரப்புவது சூடு சீராகப் பரவ உதவும்.

ஏற்கெனவே இறுகிப்போன கிழங்கை மீட்க முடியுமா என்றால், ஓரளவு முடியும். துண்டுகளைச் சாற்றிலிருந்து எடுத்து வெறும் உப்புநீரில் அடுப்பில் கொதிக்கவிடுங்கள். பிரஷர் குக்கர் இருந்தால் அதில் வைப்பது இன்னும் மேல், ஏனெனில் அதனுள் வெப்பம் 115 முதல் 120 டிகிரி வரை ஏறுகிறது. அதே தக்காளிச் சாற்றிலேயே லோவில் இன்னும் 3 மணி நேரம் விடுவது, என் அனுபவத்தில், மின்சாரத்துக்கும் பொறுமைக்கும் கேடு.

கிழங்கின் வகையும் முக்கியம். மாவுச்சத்து மிகுந்த, வெந்ததும் பொலபொலவென்று உதிரும் வகை நீண்ட நேரச் சமையலில் ஓரம் கரைந்து சாற்றைக் கெட்டியாக்கும். மசிப்பதற்கு அதுவே சரி. ஈரப்பசை மிகுந்த, வெந்தும் வடிவம் குலையாத வகை துண்டு துண்டாகவே நிற்கும். இறைச்சியோடு சேர்த்து மணிக்கணக்கில் வைக்க அதுதான் ஏற்றது. கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால் ஒரு பங்கு உப்பை 11 பங்கு தண்ணீரில் கரைத்துக் கிழங்கை முழுதாகப் போட்டுப் பாருங்கள்: மாவு வகை அடர்த்தி மிகுந்ததால் மூழ்கும், மற்றது மிதக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட வகைகளும் உண்டு என்பதால் இதை வழிகாட்டியாக மட்டும் கொள்ளுங்கள். பாலும் பாலாடையும் சேர்க்க விரும்பினால் கடைசி அரை மணி நேரத்தில் சேருங்கள். தொடக்கத்திலேயே ஊற்றிய பால் திரிந்துவிடும்.

சாற்றுக்கு மேலே நின்ற துண்டுகள் கறுத்திருந்தன என்றும் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பச்சைக் கிழங்கை நறுக்கியதும் காற்றுப் பட்டு நொதியால் பழுப்பது ஒன்று. மெல்லச் சூடேறும் பாத்திரத்தில் அந்த நொதிக்கும் நீண்ட அவகாசம் கிடைக்கிறது. வெந்தபின் கிழங்கின் இரும்புச்சத்தும் குளோரோஜெனிக் அமிலமும் இணைந்து காற்றில் சாம்பல் நிறமாவது மற்றொன்று. இரண்டும் உண்பதற்குத் தீங்கில்லை. துண்டுகளை மூழ்கவைத்தாலும், முன்சொன்ன 5 நிமிடக் கொதி கொடுத்தாலும் முதல் வகைக் கறுப்பு பெரிதும் நின்றுவிடும்.

தோல் பச்சையாக மாறிய கிழங்கைப் பற்றி இவ்வளவு தளர்வாக இருக்க வேண்டாம். பச்சை நிறம் சோலனின் போன்ற நச்சுப் பொருள்கள் கூடியிருக்கலாம் என்பதன் அடையாளம்; கொதிநிலைச் சூட்டில் அவை அழிவதில்லை, எத்தனை மணி நேரம் வைத்தாலும் சரி. பச்சைப் பகுதியையும் முளைகளையும் ஆழமாகச் செதுக்கி எறியுங்கள். கசந்தால் முழுக் கிழங்கையும் எறியுங்கள். முழுக் கிழங்கை அலுமினியத் தாளில் சுற்றி ஸ்லோ குக்கரில் ‘சுடும்’ முறையையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். வேகும், தோல் மொறுமொறுப்பாக வராது. ஆனால் வெந்தவுடன் தாளைப் பிரித்துவிட்டு, உண்ணாததை உடனே குளிர்பெட்டியில் வையுங்கள். கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் கிருமியின் வித்துகள் மண்ணிலிருந்து தோலோடு வருகின்றன. கொதிநிலை அவற்றைக் கொல்வதில்லை. காற்றுப் புகாத ஈரமான தாளுக்குள், வெதுவெதுப்பில், அவை முளைத்து நஞ்சு உண்டாக்கும். 1994-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து எல் பாசோவில், தாளில் சுற்றிச் சுட்டு அறை வெப்பத்திலேயே விட்டிருந்த கிழங்கில் செய்த தொடுகறியை உண்ட 30 பேர் பொட்டுலிசத்துக்கு ஆளானார்கள். குக்கரை அணைத்துவிட்டு மூடியோடு இரவு முழுவதும் விடும் வழக்கம் இருந்தால் அதையும் கைவிடுங்கள். ‘வார்ம்’ நிலை 60 டிகிரிக்கு மேல் பிடித்து வைக்கிறதா என்று ஒரு முறை அளந்து பார்ப்பது நல்லது.

குக்கர் பழுதா என்ற கேள்விக்கு வருகிறேன். பாத்திரத்தின் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை தண்ணீர் ஊற்றி, மூடி, லோவில் 8 மணி நேரம் திறக்காமல் வையுங்கள். பிறகு மூடியைத் தூக்கியதும், சூடு தணியுமுன், சமையல் வெப்பமானியை நடுவில் இறக்கிப் பாருங்கள். 85 முதல் 93 டிகிரி வரை காட்டினால் கருவி சரியாக வேலை செய்கிறது. அதற்குக் கீழே இருந்தால் கிழங்கு வேகாதது இருக்கட்டும், அதில் இறைச்சி சமைப்பதே பாதுகாப்பன்று, மாற்றிவிடுங்கள். உயரமான மலைப்பகுதியில் வசிப்பவரானால் தண்ணீரே குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். 1,500 மீட்டர் உயரத்தில் கொதிநிலை 95 டிகிரியை ஒட்டியே இருக்கும், அங்கே கிழங்குக்கு எப்போதும் கூடுதல் நேரம் தேவை.

கருவி சரி என்று தெரிந்தபின், நான் சொன்ன காரணங்களுள் உங்கள் வீட்டில் எது பெரியது என்று கண்டுபிடிக்க ஒரே சமையல் போதும். ஒரே கிழங்குக் குவியலிலிருந்து பாதியை வட்டமாகவும் பாதியைக் கட்டமாகவும், கனம் ஒன்றாக இருக்குமாறு வெட்டுங்கள். வட்டங்களுக்கு மட்டும் 5 நிமிடக் கொதி கொடுத்து, இரண்டையும் கலந்து, நீங்கள் வழக்கமாகச் செய்வதுபோலத் தக்காளியைத் தொடக்கத்திலேயே ஊற்றி லோவில் வையுங்கள். வட்டம் மெத்தென்று வெந்து கட்டம் கடிபட்டால் குற்றவாளி நொதியும் அதற்குக் கிடைத்த அவகாசமும். இனி முன்கொதி ஒன்றே போதும், தக்காளியின் வரிசையை மாற்ற வேண்டியதில்லை. இரண்டுமே கடிபட்டால் புளிப்பைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.